வேலிக்காத்தான் மூடிய குட்டையை மீட்பது எப்படி? வடசென்னைக் குடியிருப்போருக்கு ஒரு வழிகாட்டி

மாதவரத்துக்கும் மணலிக்கும் இடைப்பட்ட எங்கள் நகரின் தெருக்கோடியில் 60 சென்ட் பரப்பில் ஒரு குட்டை இருக்கிறது. கரை முழுதும் வேலிக்காத்தானும், நீர்ப்பரப்பு முழுதும் ஆகாயத் தாமரையும் மூடிக் கிடந்ததால், புதிதாகக் குடிவந்தவர்கள் பலர் அதை முள்காடு என்றே நினைத்திருந்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் அதைச் சுத்தம் செய்ய நான் பொறுப்பேற்றபோது மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 22 மாதங்கள் ஆயின. அதில் இயந்திரங்கள் வேலை செய்தவை நான்கே நாட்கள். மீதிக் காலம் காகிதங்களுக்கும், வெட்டியது மறுபடி முளைப்பதைப் பிடுங்குவதற்கும் போனது. நான் தடுமாறிய இடங்களில் நீங்கள் தடுமாற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உங்கள் சொந்த மனையில் முள்மரம் வளர்ந்திருந்தால் உங்களுக்கு 1, 3, 7, 10 ஆகிய படிகள் மட்டும் போதும். எண்ணூர்க் கழிமுகம், பழவேற்காடு, கொசஸ்தலையாற்றின் உவர்நீர்ப் பகுதி ஆகியவற்றுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அங்கே அலையாத்தி மரங்கள் இருக்கின்றன. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. அங்கே மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி சேற்றின்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் புதையும் இடத்தையும் மஞ்சள் மட்டி வாழும் இடத்தையும் பறித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலை ஒரு சங்கத்தால் ஆகக்கூடியதல்ல.

1. எதை வெட்டப் போகிறீர்கள் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

நம் பக்கத்தில் வேலிக்காத்தான் என்கிறோம். அரசு ஆவணங்களில் சீமைக் கருவேலம். மனுவில் இரண்டாவது பெயரையே எழுதுங்கள். எங்கள் முதல் மனுவில் "முள்செடிகள்" என்று எழுதியிருந்தோம். புதர் வெட்டும் வேலை என்று கருதி, கத்தியுடன் இருவரை அனுப்பிவைத்துக் கோப்பை முடித்துவிட்டார்கள்.

குட்டைக் கரையில் நாட்டு மரங்களும் கலந்து நிற்கும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும். காய் மணிமாலை கோத்தது போல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். பட்டை கருத்து வெடித்திருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் கதிராகத் தொங்கும். காய் ஒரே சீராகத் தட்டையாக இருந்து, முற்றியதும் வைக்கோல் நிறமாகும். கிளை கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து போகும். வன்னி மரத்தையும் சிலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். வன்னியின் முட்கள் கணுக்களில் சோடி சேராமல் தண்டு நெடுகச் சிதறியிருக்கும்.

வெட்டக் கூடாத மரங்களுக்கு, அதாவது வேம்பு, புங்கன், பூவரசு, பனை போன்றவற்றுக்கு, வேலை தொடங்குவதற்கு முன்பே இடுப்பு உயரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை அடித்து, எண்ணிக்கையை எழுதி வையுங்கள். அரசு நிலத்தில் நிற்கும் மரங்களை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். இயந்திர ஓட்டுநர் அவசரத்தில் ஒரு பூவரசைச் சாய்த்துவிட்டால் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு மனுவில் கையெழுத்திட்டவருடையது.

நீரில் மிதப்பதற்கும் பெயர்க் குழப்பம் உண்டு. ஊதா நிறப் பூவும் காம்பில் காற்றடைத்த வெங்காயம் போன்ற புடைப்பும் உள்ள செடியை ஆகாயத் தாமரை என்றும் வெங்காயத் தாமரை என்றும் சொல்கிறார்கள். மனுவில் இரண்டு பெயர்களையும் எழுதிவிடுங்கள். ஓரத்தில் இளஞ்சிவப்பு ஊமத்தை போன்ற பூவுடன் அடர்ந்து நிற்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் தண்டுத் துண்டு ஈரத்தில் விழுந்தால் அங்கேயே வேர் பிடித்துவிடும்.

2. இடம் யாருடையது என்பதைக் காகிதத்தில் கண்டுபிடியுங்கள்

எங்கள் 22 மாதங்களில் ஏழு இந்த ஒரு படியிலேயே கழிந்தன. "கார்ப்பரேஷன் குட்டை" என்று எல்லோரும் சொன்னதை நம்பி ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அவர்கள் அது நீர்வளத் துறையுடையது என்று அனுப்பினார்கள். அங்கே கேட்டால் அது வருவாய்த் துறையின் புறம்போக்கு என்றார்கள். மூன்று அலுவலகங்களும் வாய்வார்த்தையாகவே சொல்லின என்பதை நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம்.

முதலில் புல எண்ணை, அதாவது சர்வே எண்ணை, பெறுங்கள். பக்கத்து மனைக்காரரின் பட்டாவில் அல்லது கிரயப் பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் "வடக்கே குட்டைப் புறம்போக்கு" என்பது போல் இருக்கும். அந்த எண்ணைக்கொண்டு தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையில் அ-பதிவேட்டுப் படியையும் புலப்பட வரைபடத்தையும் எடுக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. நகர நில அளவை முடிந்த பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டின் படியை எடுக்க வேண்டும். அ-பதிவேட்டில் வகைப்பாடு என்ற இடத்தில் ஏரி, குட்டை, தாங்கல், வாய்க்கால், மேய்க்கால் என்று எது எழுதியிருக்கிறதோ அதுதான் பேச்சு. அங்கே குட்டை என்று இருந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது.

இங்கே வடசென்னைக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மாதவரம், திருவொற்றியூர் வட்டங்கள் 2018இல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தன. பழைய பத்திரங்களிலும் வரைபடங்களிலும் திருவள்ளூர் மாவட்டம் என்றே இருக்கும். இணையத்தில் சென்னையைத் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும். பழைய ஆவணத்தை இணைக்கும்போது "தற்போது சென்னை மாவட்டம்" என்று ஒரு வரி எழுத வேண்டும். இல்லையென்றால் மனு திருவள்ளூருக்குப் போய்த் திரும்பி வரும். எங்களுடையது போய் வந்தது.

பொதுவாக, 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறு குட்டைகள் உள்ளாட்சியிடமும் இருக்கும். இது முதல் ஊகத்துக்கு மட்டுமே உதவும். பதிவேட்டைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். கோயில் குளமென்றால் இந்து சமய அறநிலையத் துறை. தண்டவாளத்தை ஒட்டிய பள்ளமென்றால் ரயில்வே. அவர்களிடம் அனுமதி பெறும் வழியே வேறு.

3. நாட்காட்டியைச் செடியைப் பார்த்துப் போடுங்கள்

சீமைக் கருவேலத்தின் காய் கோடையில் முற்றி உதிர்கிறது. அந்த இனிப்புக் காயை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கெட்டியான உறைக்குள் இருக்கும் விதை, வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடு வெளியேறி, முன்னிலும் எளிதாக முளைக்கும். மண்ணில் விழுந்த விதை பத்தாண்டு வரை உயிரோடு காத்திருக்கக்கூடும். ஆகவே மரத்தை வெட்டும் காலம் காய் முற்றுவதற்கு முன், சனவரி பிற்பகுதி முதல் மார்ச்சு வரை. ஆகாயத் தாமரைக்கோ குட்டையில் நீர் ஒடுங்கும் ஏப்ரல் முதல் சூன் வரையே உகந்தது. நீர் குறைந்தால் பரப்பும் குறையும், வாரிப் போட்டது வெயிலில் காயவும் செய்யும்.

அதாவது இவை இரண்டு வேலைகள். இரண்டு முறை இயந்திரம் வர வேண்டும். நான் வாடகையை மிச்சப்படுத்துவதாக எண்ணி இரண்டையும் மே மாதத்தில் ஒன்றாகச் செய்தேன். உதிர்ந்து கிடந்த காய்களின்மேல் இயந்திரம் நான்கு நாட்கள் ஏறி இறங்கி, விதைகளை மண்ணுக்குள் அழகாக ஊன்றிவிட்டது. ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் கரை முழுவதும் கீரைப் பாத்தி போலப் பசேலென்று முளைத்தது. அதைப் பார்த்து மகிழ்ந்து புகைப்படம் எடுத்துப் போட்ட சங்க உறுப்பினர்களும் உண்டு.

சனவரி, பிப்ரவரியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொக்குகளும் மடையான்களும் முள்மரங்களில்தான் கூடு கட்டுகின்றன, மனிதர் ஏற முடியாது என்பதால். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்த மரத்தைத் தொடாதீர்கள். குஞ்சுகள் பறந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். கூடுகளைக் கலைப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

இந்தக் கணக்கிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சனவரியில் இயந்திரம் வர வேண்டுமானால் அனுமதி திசம்பருக்குள் கையில் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் திசம்பர் வரை மாநகராட்சிப் பொறியாளர்கள் அனைவரும் மழைநீர் வேலையில் இருப்பார்கள். குட்டைக் கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள். எனவே மனு சூன் அல்லது சூலையில் போய்ச் சேர வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் நடத்தை விதிகளைக் காட்டி எல்லாம் நின்றுவிடும். அந்த ஆண்டில் இன்னும் முன்னதாகவே தொடங்குங்கள்.

4. மனு: என்னென்ன இணைக்க வேண்டும்

தனியாளாக மனு கொடுக்காதீர்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்ட சங்கமாக இருந்தால் மனுவுக்கு மதிப்பு வேறு. இணைக்க வேண்டியவை: சங்கப் பதிவுச் சான்றின் நகல், இந்தப் பணிக்காகச் செயற்குழு நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல், அ-பதிவேட்டுப் படி, புலப்பட வரைபடம், நாளும் இடமும் பதிவான ஜி.பி.எஸ். புகைப்படங்கள் நான்கு திசையிலிருந்தும், சுற்றுக் குடியிருப்பாளர்களின் கையெழுத்துப் பட்டியல்.

மனுவின் முதல் பத்தியில் கொசுவை எழுதுங்கள். சூழலியலை மூன்றாவது பத்தியில் வைத்துக்கொள்ளலாம். இது தந்திரம் அல்ல, உண்மையே. ஆகாயத் தாமரையின் வேர்ச் சிலும்புகளுக்குள் மீன் நுழைந்து கொசுப் புழுவைத் தின்ன முடியாது. சிலவகைக் கொசுக்களின் புழுக்கள் அந்த வேரிலேயே குழலைச் செருகி மூச்சு விடுகின்றன. கொசு என்ற சொல் இருந்தால் மனு பொது சுகாதாரப் பிரிவுக்கும் ஒரு நகலாகப் போகும். அங்கிருந்து வரும் ஒரு குறிப்பு பொறியியல் பிரிவை அசைக்கும்.

அடுத்த பத்தியில், சீமைக் கருவேல மரங்களை அகற்றுவது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளையும், அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட கொள்கையையும் குறிப்பிடுங்கள். நீங்கள் கேட்பது சலுகை அல்ல, அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட ஒரு வேலை என்பதை அது காட்டும்.

யாருக்குக் கொடுப்பது? மாநகராட்சிக் குட்டையென்றால் உங்கள் மண்டல அலுவலருக்கு; வடசென்னையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் என முதல் ஆறு மண்டலங்கள். நகல்கள் வட்டாட்சியருக்கும் பகுதிக் கவுன்சிலருக்கும். நேரில் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். முத்திரையில்லாத மனு கொடுக்காத மனுவே.

மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் பதியலாம். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். குப்பை, தெருவிளக்கு போன்றவற்றுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. குட்டை விவகாரத்தில் "வேறு துறைக்கு உரியது" என்ற குறிப்போடு புகார் முடிக்கப்பட்டுவிடும். அப்படி முடித்த குறுஞ்செய்தியை அழித்துவிடாமல் படம் எடுத்து வையுங்கள். வேறு துறை எது என்று கேட்க அது பயன்படும்.

5. பதில் வராத மாதங்கள்

மனு கொடுத்து 30 நாட்கள் கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். "ஏன் சுத்தம் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்குப் பதில் தரத் தேவையில்லை என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். "இந்தப் புல எண்ணில் உள்ள குட்டை எந்தத் துறையின் சொத்துப் பதிவேட்டில் உள்ளது? அந்தப் பக்கத்தின் நகல் தருக. இந்தத் தேதியில் கொடுத்த மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தெந்தத் தேதியில் சென்றது?" என்று கேளுங்கள். எங்களுக்கு உரிமையாளர் யார் என்பது இப்படித்தான், ஏழாவது மாதத்தில், எழுத்தில் கிடைத்தது.

துறைகளுக்கு இடையே இழுபறி என்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ராஜாஜி சாலையிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, கூட்டுப் புலத்தணிக்கை வேண்டும் என்று கேளுங்கள். எல்லாத் துறையினரும் ஒரே நாளில் குட்டைக் கரையில் நின்றால் அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும். அன்று வரைபடத்தை நீங்களே பெரிதாக நகலெடுத்துக்கொண்டு போங்கள்.

6. அனுமதிக் கடிதத்தில் இவை இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள்

எங்களுக்கு முதலில் கிடைத்த கடிதத்தில் "சங்கத்தினர் தூய்மைப் பணி மேற்கொள்ள ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இயந்திரத்தை இறக்கியிருந்தால் வண்டி காவல் நிலையத்தில் நின்றிருக்கும். திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குவதற்கு மேலும் ஐந்து வாரம் ஆயிற்று. கடிதத்தில் புல எண், தொடக்க நாளும் முடிவு நாளும், இயந்திரம் பயன்படுத்த அனுமதி, மேற்பார்வை செய்யும் அலுவலரின் பதவி ஆகியவற்றோடு, மரமும் மண்ணும் என்ன ஆகும் என்பதும் இருக்க வேண்டும்.

மரம்: அரசு நிலத்தில் நிற்கும் முள்மரமும் அரசுச் சொத்துதான். "நான் இலவசமாக வெட்டித் தருகிறேன், விறகை எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு விறகு வியாபாரி நிச்சயம் வருவார். உங்கள் சொந்த மனையானால் தாராளமாகச் சம்மதிக்கலாம். குட்டையானால் விறகு ஏலத்துக்குப் போகிறதா, எங்கே அடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு சுள்ளியைக்கூட வெளியே விடாதீர்கள். அந்த வியாபாரி வெட்டினாலும் தரைக்கு மேலேதான் வெட்டுவார். தூரைத் தொட மாட்டார். அதனால் வரும் கேட்டை அடுத்த படியில் சொல்கிறேன்.

மண்: குட்டை மண் கனிமம். அதை வெளியே கொண்டுபோகக் கனிமவளத் துறையின் தனி அனுமதி வேண்டும். அனுமதியின்றி ஒரு லோடு போனாலும் லாரியைப் பிடித்துவிடுவார்கள். தூருடன் வரும் மண்ணைக் கரையிலேயே கொட்டிப் பரப்பிவிட வேண்டும் என்று ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

7. மரத்தை அகற்றும் நாள்

சீமைக் கருவேலத்தின் தூரில், தரைக்குக் கீழே ஒரு சாண் ஆழம்வரை, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தரைமட்டத்தில் வெட்டினால் ஒற்றைத் தண்டாக நின்ற மரம் அடுத்த மழையில் பத்துக் கொம்புகளோடு புதராக எழும். ஆகவே வெட்டுவது வேலையல்ல, தூரைப் பெயர்ப்பதே வேலை. முதலில் ஆட்கள் கிளைகளைக் கழித்து ஒதுக்க வேண்டும். பிறகு அரை ஆள் உயரம் விட்ட தண்டை ஜே.சி.பி.யின் கொத்துவாளி பற்றிப் பின்னால் சாய்க்கும்போது வேர்க்கழுத்து முழுதாக வெளியே வந்துவிடும். தண்டை ஒட்ட வெட்டிவிட்டால் பிடிமானம் இல்லாமல் தூரைத் தோண்டுவதற்கு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். வாடகை மணிக்கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

மதகு, சுற்றுச்சுவர், குடிநீர்க் குழாய் ஆகியவற்றை ஒட்டி நிற்கும் மரங்களில் இயந்திரத்தை விடாதீர்கள். அங்கே கடப்பாரையால் ஓரடி ஆழம் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே கோடரியால் துண்டிக்க வேண்டும். தூரில் டீசல் ஊற்றுங்கள், களைக்கொல்லி தடவுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் வருவார்கள். நீர்நிலைக் கரையில் இரண்டும் வேண்டாம். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

முள்ளைப் பற்றி எச்சரிக்காமல் விடக் கூடாது. காய்ந்த முள் செருப்பையும் டயரையும் துளைக்கும். குத்தி உள்ளே ஒடிந்தால் சீழ் வைக்கும். எங்களோடு வந்த ஒருவருக்கு உள்ளங்காலில் ஒடிந்த அரை விரற்கடை முள் ஒன்பதாம் நாள்தான், அதுவும் மருத்துவர் கீறி எடுத்தபோதுதான், வெளியே வந்தது. தடித்த அடிப்பாகமுள்ள காலணியும் தோல் கையுறையும் எல்லோருக்கும் வாங்கிக் கொடுங்கள். தம்பாட்டுக்கு வெறுங்காலுடன் வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களைக் கயிறு கட்டித் தள்ளியே நிறுத்துங்கள். புதரில் பாம்பு இருக்கும். கடித்தால் நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும், யாருடைய வண்டி என்பதையும் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஆகாயத் தாமரையை வாருவது

இந்தச் செடி ஏற்ற சூழலில் ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றே வைத்துக்கொண்டாலும், மூலையில் நீங்கள் விட்டுவைத்த ஒரு சதுர மீட்டர், 16 வாரத்தில் 256 சதுர மீட்டராகும். எனவே முக்கால் குட்டையை வாரிவிட்டு மீதியை அப்புறம் பார்ப்போம் என்பது வாராததற்குச் சமம்.

எடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அடர்ந்த ஆகாயத் தாமரை ஓர் எக்டேரில் 200 டன்னையும் தாண்டும். எங்கள் 60 சென்டுக்கு ஏறக்குறைய 50 டன். ஆனால் அதில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். ஈரமாக லாரியில் ஏற்றுவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதாகும். கரையில், நீர்மட்டத்திலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி, மெல்லியதாகப் பரப்பி மூன்று வாரம் கோடை வெயிலில் விடுங்கள். ஒரு மூட்டையளவு குவியல் ஒரு கைப்பிடியளவு சருகாகிவிடும்.

ஜே.சி.பி.யின் கை குட்டையின் நடுவை எட்டாது. அதற்கு நீண்ட கையுள்ள, சங்கிலிச் சக்கர ஹிட்டாச்சி வேண்டும். அதுவும் எட்டாத நடுப்பகுதிக்கு நாங்கள் காசிமேட்டில் கிழிந்த இழுவலையும் நைலான் கயிறும் வாங்கி வந்தோம். இரு கரைகளிலும் மூவர் மூவராக நின்று வலையின் இரு நுனிகளைப் பிடித்து மெல்ல இழுத்தால் பச்சைப் பாய் அப்படியே நகர்ந்து இயந்திரத்தின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். வேகமாக இழுத்தால் பாய் கிழிந்து துண்டுகள் பின்தங்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு புதுப் பாய்.

காய்ந்த சருகை உரமாக்கலாம் என்று சொல்வார்கள். மற்ற ஊர்களில் சரி. மணலி, திருவொற்றியூர், எண்ணூர் போன்ற தொழிற்சாலைப் பகுதிகளில் வேண்டாம் என்பதே என் கருத்து. ஈயம், காட்மியம், குரோமியம் முதலியவற்றை நீரிலிருந்து உறிஞ்சி வேரில் சேர்த்து வைக்கும் செடி இது. அதன் உரத்தில் கீரை போடுவதும், அதை மாட்டுக்குப் போடுவதும் நீர் உதறிய நஞ்சை நாமே சோற்றில் வாங்கிக்கொள்வதாகும். மாநகராட்சியிடம் கழிவாக ஒப்படையுங்கள். அனுமதிக் கடிதத்தில் அதற்கும் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். குட்டைக்கு வரும் வாய்க்காலில் சாக்கடை கலந்துகொண்டிருந்தால் செடிக்குத் தொடர்ந்து தீனி போகிறது என்று பொருள். அந்த இணைப்பை அடைக்காமல் வாரினால் அடுத்த ஆண்டும் வாருவீர்கள்.

நீர் ஒடுங்கும்போது சக்கர் மீன் அகப்படும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விரற்கடையளவில் வாங்கிப் போய், தொட்டியில் பெருத்ததும் இரக்கப்பட்டுக் குட்டையில் விட்டுவிடுகிறார்கள். அது கரையைக் குடைந்து முட்டையிடும்; கரை சரியும். நீருக்கு வெளியேயும் பல மணி நேரம் உயிரோடு இருக்கும் என்பதால் கரையில் போட்டுவிட்டு வந்தால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். குழி தோண்டிப் புதையுங்கள்.

9. எங்களுக்கு ஆன செலவு

இரண்டாண்டுகளுக்கு முன் நாங்கள் கொடுத்த தொகை இது. ஹிட்டாச்சி மணிக்கு 2,000 வீதம் 14 மணி நேரத்துக்கு 28,000 ரூபாய். அதை ஏற்றி இறக்கும் வண்டிக்கு 7,000. ஜே.சி.பி. மணிக்கு 1,300 வீதம் 11 மணி நேரத்துக்கு 14,300. ஓட்டுநர் பேட்டா நாள் ஒன்றுக்கு 500 வீதம் நான்கு நாளைக்கு 2,000. ஆறு ஆட்கள், மூன்று நாட்கள், கூலி 900 வீதம் 16,200. காலணி, கையுறைக்கு 4,800. வலை, கயிறுக்கு 1,800. மொத்தம் 74,100 ரூபாய். மே மாதத்தில் வெட்டிய என் சாமர்த்தியத்தால் மழைக்குப் பின் நாற்றுப் பிடுங்க நான்கு ஆட்கள் ஐந்து நாட்களுக்கு மேலும் 18,000 கொடுத்தோம்.

இயந்திர வாடகையைப் பேசும்போது மணிக்கணக்கு எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். கொட்டகையிலிருந்து புறப்படும்போதா, குட்டையில் இறங்கும்போதா என்பதில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. மூலக்கடை நெரிசலில் சிக்கினால் மூன்று. மீட்டரைத் தொடக்கத்திலும் முடிவிலும் படம் எடுங்கள். வசூலை வேலைக்கு முன்பே முடித்துவிடுங்கள். குட்டை பளிச்சென்று ஆன பிறகு யாரும் கையைப் பைக்குள் விடுவதில்லை.

10. அடுத்த மூன்று மழைக்காலங்கள்

முதல் மழைக்குப் பின் பத்தாம் நாள் கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். சீமைக் கருவேல நாற்று ஒரு சாண் உயரம் இருக்கும்போது, மண் ஈரமாக இருந்தால், இரண்டு விரலால் பிடுங்க வந்துவிடும். பொங்கல்வரை விட்டால் ஆணிவேர் இறங்கி, மண்வெட்டி தேவைப்படும். அடுத்த ஆண்டுவரை விட்டால் மறுபடி 6ஆம் படிக்குப் போக வேண்டும். நாங்கள் அக்டோபர் முதல் சனவரி வரை இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை, காலை ஆறரை முதல் எட்டு வரை, கரையை எட்டுப் பங்காகப் பிரித்துத் தெருவுக்கு ஒரு பங்காக ஒதுக்கியிருக்கிறோம். ஆகாயத் தாமரையின் விதையும் சேற்றில் பல ஆண்டு உறங்கும். மிதக்கும் இளஞ்செடியைக் கண்டால் அன்றைக்கே, பூப்பதற்கு முன், கரையேற்றுங்கள். ஆடு மாடு உள்ளே வராமல் முதலாண்டு மட்டுமாவது கம்பி கட்டுங்கள். சாணத்தோடு வரும் விதைக்கு உங்கள் உழைப்பு தெரியாது.

வெறும் மண்ணாக விட்டால் பார்த்தீனியம் முந்திக்கொள்ளும். பூவரசு, புங்கன், நீர்மருது, நாவல் ஆகிய நாற்றுகளைப் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இணையதளம் வழியாக வனத்துறை நாற்றங்காலிலிருந்து கேட்டுப் பெறலாம். மழை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே பதிந்துவிடுங்கள். வெளிவட்டத்தில் பனங்கொட்டை ஊன்றுங்கள். சீக்கிரம் பச்சையாகும் என்று யாராவது கோனோகார்ப்பஸ் என்ற அயல் மரக் கன்றுகளை நன்கொடையாகக் கொண்டுவந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். எங்களுக்கு 40 கன்றுகள் வந்தன, பெயர்ப்பலகையோடு.

அனுமதிக் கடிதத்தின் முடிவு நாளைக் குறித்து வையுங்கள். நாற்றுப் பிடுங்குவதற்குக் கூடவா அனுமதி என்று தோன்றும். இரண்டாம் ஆண்டு மண்வெட்டியோடு கரையில் நின்ற எங்களிடம், புதிதாக மாற்றலாகி வந்த அலுவலர் கேட்ட முதல் கேள்வி அந்தத் தேதிதான். கடிதத்தைப் புதுப்பிக்க நவம்பரில் 19 நாட்கள் ஆயின. அந்த 19 நாட்களில் நாற்றுகள் முழங்கால் உயரம் வந்திருந்தன.